விடிஐ ஃபைலும் கோவில்பட்டி கடலைமிட்டாயும்

முதல்லயே விஷயத்தை உடைச்சுச் சொல்லிடறேன். காலேஜ் லேப்ல பிள்ளைகளுக்கு ரெடிமேடா ஒரு லினக்ஸ் வெர்ச்சுவல் மெஷின் இமேஜைப் பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்து, "இதை ஓட்டிப் பாரு, ரெக்கார்ட் நோட் எழுது" என்று அனுப்பும் வழக்கத்தை நிறுத்தணும். நிறுத்த முடியாதுன்னா, அந்த இமேஜ் எப்படி உருவாச்சுன்னு சொல்ற ஸ்கிரிப்டையும் கூடவே கொடுக்கணும். இதுதான் இந்தப் பதிவோட மொத்தச் சரக்கு. அவசர வேலை இருக்கிறவங்க இத்தோட கிளம்பலாம் :) மத்தவங்க கொஞ்சம் உட்காருங்க.

டெக்னிக்கல் பதிவுன்னதும் ஓடிடாதீங்க மக்களே. வெர்ச்சுவல் மெஷின் என்பது பெரிய ராக்கெட் சமாச்சாரம் எல்லாம் இல்லை. ஓடிக்கிட்டிருக்கிற கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி பாவ்லா காட்டும் மென்பொருள், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு அது தன்னோட ஹார்ட் டிஸ்க். வெளியே இருந்து பார்க்கிற நமக்கு அது வெறும் ஒரு பெரிய ஃபைல். அந்த ஃபைலைத்தான் இமேஜ் என்கிறோம். விர்ச்சுவல்பாக்ஸ்ல அதுக்கு விடிஐன்னு பேரு, கியூஎமுவில் பெரும்பாலும் கியூகவ்2. 2003ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் கியூஎமுவை வெளியிட்டார். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கெர்னலில் கேவிஎம் சேர்ந்தது. அதே 2007ல் விர்ச்சுவல்பாக்ஸும் திறமூலமாக வந்தது. அதுக்கப்புறம் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர்லயே காசு செலவில்லாம ரெண்டு மூணு லினக்ஸ் ஓட்டுறது சகஜமாயிடுச்சு.

நம்ம ஊர் சிலபஸுக்கும் இது வந்து சேர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோட 2013 ஒழுங்குமுறையில் கிரிட் மற்றும் கிளவுட் கம்ப்யூட்டிங் ஆய்வகம் என்று ஒன்று. 2017 ஒழுங்குமுறையில் கிளவுட் கம்ப்யூட்டிங் ஆய்வகம். விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போட்டு அதில் லினக்ஸ் நிறுவு, அதுக்குள்ள ஒரு சி கம்பைலரைப் போட்டு புரோகிராம் ஓட்டு, ஒரு வெர்ச்சுவல் மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பு, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். உண்மையிலேயே நல்ல பட்டியல். எழுதினவங்களைக் குறை சொல்ல மாட்டேன். டிரைஸ்டேக்னு ஒரு இலவச ஓபன்ஸ்டேக் சேவையில மெஷின் ஓட்டச் சொல்லியும் ஒரு பயிற்சி இருந்துச்சு, அந்தச் சேவையையே பிற்பாடு மூடிட்டாங்க, அது தனிக் கதை.

சிக்கல் சிலபஸ்ல இல்லை. அது லேபுக்கு வந்து இறங்குற விதத்துல இருக்கு.

சில வருஷத்துக்கு முந்தி எங்க அக்கா மகன் போன் பண்ணினான். கரிசக்காட்டுப் பக்கம் ஒரு காலேஜ், பேரு வேண்டாம்.

"மாமா, ரெண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி வருது. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு ஃபைல் அனுப்பச் சொன்னா எங்கேருந்து எங்க அனுப்ப?"

"சார்ட்ட கேட்டியா மாப்ள?"

"கேட்டேன் மாமா. போன வருஷமெல்லாம் ஓடுச்சே, நீ எதையோ நோண்டிட்டேங்கிறாரு."

அவன் ஒண்ணையும் நோண்டலை. நடந்தது என்னன்னா, ஒரே உபுண்டு சர்வர் இமேஜை ரெண்டு தடவை காப்பி பண்ணி ரெண்டு மெஷினா ஓட்டியிருக்கான். சிஸ்டம்டி இருக்கிற லினக்ஸ்ல மெஷின்-ஐடின்னு ஒரு சின்ன ஃபைல் உண்டு. நம்ம ரேஷன் கார்டு நம்பர் மாதிரி, ஒரு மெஷினுக்கு ஒண்ணு. இமேஜைக் காப்பி அடிச்சா அந்த நம்பரும் சேர்ந்து காப்பி ஆகும். உபுண்டு 18.04லிருந்து சர்வர் பதிப்பு, டிஎச்சிபி கிட்ட ஐபி கேட்கும்போது அந்த நம்பரை வச்சு உண்டாக்கின அடையாளத்தைத்தான் நீட்டும். நெட்வொர்க் கார்டு முகவரி வேற வேறயா இருந்தாலும், அடையாளத்தைப் பார்த்து ஐபி கொடுக்கிற டிஎச்சிபி சர்வர் "அட, நீ அப்பவே வந்தவன்தானே" என்று அதே ஐபியைக் கொடுத்துடும். ரெண்டு பேர் ஒரே ரேஷன் கார்டோட கடைக்குப் போன கதைதான்.

சரி பண்ண ரெண்டு நிமிஷம் ஆச்சு. மெஷின்-ஐடி ஃபைலைக் காலி பண்ணிட்டு ரீபூட் பண்ணச் சொன்னேன், புது நம்பர் தானா உண்டாச்சு. ஆனா அவன் அதுக்கப்புறம் சொன்னதுதான் எனக்கு உறைச்சது. "இந்த இமேஜை யாரு செஞ்சதுன்னே லேப்ல யாருக்கும் தெரியாது மாமா. முன்னாடி இருந்த லேப் அசிஸ்டென்ட் செஞ்சாராம், அவரு வேலையை விட்டுப் போய்ட்டாரு." கூடப் படிச்ச மத்த பிள்ளைகள் என்ன பண்ணினாங்கன்னு கேட்டேன். சீனியர் கொடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டியாச்சு. முழு மார்க்.

யோசிச்சுப் பாருங்க. வெர்ச்சுவல் மெஷினைப் பத்திக் கத்துக்கிறதுக்கான பயிற்சி. அதுல உண்மையாவே ஒரு பிரச்சினை வந்து நிற்குது. கத்துக்கிறதுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஆனா அந்த லேப்ல அது தொந்தரவா மட்டும்தான் தெரிஞ்சது. ஏன்னா கையில இருந்தது மூடி சீல் வச்ச டப்பா. உள்ளே என்ன இருக்குன்னு சார்க்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

இப்ப கடலைமிட்டாய்க்கு வருவோம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைச்சது எல்லாருக்கும் தெரியும். அந்தக் குறியீடு கேட்டு விண்ணப்பிக்கும்போது மிட்டாயைக் கொண்டுபோய் மேசையில வச்சா மட்டும் போதாது. எந்த ஊர், என்ன மூலப்பொருள், எப்படிச் செய்யறாங்க என்ற செய்முறையை எழுத்துல கொடுக்கணும். மிட்டாய் தின்னா தீர்ந்துடும். வெல்லப்பாகு எந்தப் பதத்துல இறக்கணும், தண்ணியில ரெண்டு சொட்டு விட்டா எப்படி உருளணும்னு தெரிஞ்சவன் கையிலதான் நாளைக்கான மிட்டாய் இருக்கு.

விடிஐ ஃபைல் மிட்டாய். ஸ்கிரிப்ட் பாகு பதம். நம்ம லேப்கள்ல மிட்டாயை மட்டும் கை மாத்தி விட்டுக்கிட்டு இருக்கோம்.

அந்த ஸ்கிரிப்ட்ல அப்படி என்னதான் இருக்கும்னு கேட்பீங்க. டெபியனை வச்சுச் சொல்றேன். மொத்தமே நாற்பது ஐம்பது வரி ஷெல் ஸ்கிரிப்ட்தான்.

1. முதல்ல ஒரு காலி ஃபைல். 8 ஜிபின்னு பேருக்குச் சொல்லி உருவாக்கலாம், ஆனா டிஸ்க்ல உடனே 8 ஜிபி இடம் பிடிக்காது. எழுத எழுதத்தான் வீங்கும்.

2. அந்த ஃபைலை ஒரு டிஸ்க் மாதிரி லூப் டிவைஸா மாட்டி, பார்ட்டிஷன் பிரிச்சு, இஎக்ஸ்டி4 ஃபார்மட் பண்ணி, மவுண்ட் பண்றது.

3. டிபூட்ஸ்ட்ராப் என்ற கட்டளை. ஒரு டெபியன் மிர்ரர்லேருந்து அடிப்படைப் பொதிகளை இறக்கி அந்த மவுண்ட்டுக்குள்ள பரத்தி வைக்கும். இந்த டிபூட்ஸ்ட்ராப்பே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான், திறந்து படிச்சுப் பார்க்கலாம். மந்திரம் ஒண்ணும் இல்லை.

4. சிஎச்ரூட் பண்ணி உள்ளே போய் கெர்னல், கிரப், எஸ்எஸ்எச், சி கம்பைலர் எல்லாம் நிறுவுறது. யூசர், பாஸ்வேர்டு, எஃப்எஸ்டேப் எழுதுறது.

5. மெஷின்-ஐடியைக் காலி பண்றது. எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை அழிச்சிட்டு, முதல் பூட்டில் புதுசா உண்டாக்கிக்கொள்ளும்படி ஏற்பாடு பண்றது. (அக்கா மகனோட இமேஜ்ல விட்டுப்போனது இந்தப் படிதான்.)

6. எல்லாத்தையும் அன்மவுண்ட் பண்ணிட்டு கியூஎமுவில் பூட் பண்றது. விர்ச்சுவல்பாக்ஸ்தான் வேணும்னா ஒரே கட்டளையில விடிஐயா மாத்திக்கலாம்.

அவ்வளவுதான் சாமி!

இந்த ஆறு படியையும் ஒரு பிள்ளை தானே ஓட்டிப் பார்த்தா என்ன நடக்கும்? முதல் தடவை கண்டிப்பா பூட் ஆகாது. ரூட் டிஸ்க்கோட பேரை எஸ்டிஏன்னு எழுதி வச்சிருப்பான், கியூஎமுவில் விர்ட்ஐஓவா மாட்டினதால அது விடிஏன்னு வந்திருக்கும். கருப்புத் திரையில இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு பிராம்ப்ட் வந்து முழிச்சுக்கிட்டு நிற்கும். அங்கதான் பாடமே ஆரம்பிக்குது. கெர்னல் முதல்ல வருது, அதுக்கப்புறம் இனிட்ராம்எஃப்எஸ், அது ரூட்டைத் தேடுது, கிடைக்கலைன்னா நின்னுடுது. புத்தகத்துல பத்துப் பக்கம் படிச்சாலும் மண்டையில ஏறாத பூட் வரிசை, அந்த ஒரு ராத்திரியில ஏறிடும். பேருக்குப் பதிலா யூயூஐடி எழுதினா இந்தச் சிக்கலே வராதுன்னு அவனே தேடிக் கண்டுபிடிப்பான்.

பாதுகாப்புன்னு ஒரு சங்கதி வேற இருக்கு. யாரோ கொடுத்த இமேஜை ஓட்டுறதுங்கிறது யாரோ கொடுத்த கம்ப்யூட்டரை வீட்டுக்குள்ள விடுற மாதிரி. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ள புகுந்து, 17.3 சினமன் பதிப்புக்கான இணைப்பைப் பின்கதவு வச்ச ஐஎஸ்ஓவுக்கு மாத்தி விட்டாங்க. அன்னைக்கு இறக்கினவங்களுக்குக் கிடைச்சது பார்க்க அச்சு அசல் மின்ட். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்பவர், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகுதேன்னு நோண்டப் போய்க் கண்டுபிடிச்சது. பின்கதவைக் கிளப்பி விடுற முக்கியத் துண்டு, எல்லாரும் பார்க்கிற கிட் களஞ்சியத்துல இல்லை. வெளியிட்ட டார் பொட்டலத்துல மட்டும் இருந்தது. அவ்வளவு பெரிய திட்டங்கள்லயே மூலத்துக்கும் பொட்டலத்துக்கும் நடுவுல இப்படி ஒரு சந்து இருக்குன்னா, லேப் பென்டிரைவ்ல மூணு பேட்ச் கை மாறின விடிஐயை எதை வச்சு நம்புறது?

ஸ்கிரிப்ட் இருந்தா மட்டும் எல்லாம் பத்திரமாயிடுமான்னு கேட்டா, ஆகாது. ஆனா ஸ்கிரிப்டைப் படிக்கலாம். எட்டு ஜிபி ஃபைலைப் படிக்க முடியாது.

சரி, எதிர்த் தரப்பு என்ன சொல்லும்னும் பார்க்கணுமில்லையா. லேப்ல வேலை பார்க்கிற நண்பர்கள் கிட்ட பேசினப்ப வந்த ஆட்சேபணைகள் இவை. எதுவுமே சும்மா ஒதுக்கிடற மாதிரியானது இல்லை.

"எங்க ஊர் நெட் லட்சணத்துக்கு முப்பது மெஷின்ல டிபூட்ஸ்ட்ராப் ஓட்டினா பொங்கல் வந்துடும்." வாஸ்தவம். ஆனா முப்பது மெஷினும் தனித்தனியா வெளியே போக வேண்டியதில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு வச்சா, முதல் ஆள் இறக்கினது அங்கேயே தங்கும். மத்த இருபத்தொன்பது பேருக்கும் லேப் கேபிள் வழியாவே வந்துடும். ஊருக்கு ஒரு கண்மாய் வெட்டி வச்ச ஆளுங்க நாம. ஒரு மழை பெய்தாப் போதும், வருஷம் பூரா வச்சுக் குடிக்கத் தெரியும். ஒரு தடவை இறக்கினதைத் தேக்கி வைக்கத் தெரியாதா?

"எங்க மெஷின்ல ராமே 4 ஜிபிதான்." இதுக்கும் ஸ்கிரிப்ட்தான் மருந்து. ரெடிமேட் இமேஜ்கள் பெரும்பாலும் டெஸ்க்டாப், ஆபீஸ், விளையாட்டுன்னு எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு வரும். சி புரோகிராம் ஓட்டவும் ஃபைல் அனுப்பவும் அதெல்லாம் எதுக்கு? டெஸ்க்டாப் இல்லாம கட்டினா 512 எம்பி ராமில் ஓடும். இமேஜும் 2 ஜிபிக்குள்ள அடங்கிடும். எஃப்ஏடி32 பென்டிரைவ்ல 4 ஜிபி ஃபைல் ஏறாதுன்னு அதைத் துண்டு துண்டா வெட்டி, அதுல மூணாவது துண்டு கெட்டுப்போய், திரும்ப முதல்லேருந்து... அந்தக் கூத்தும் ஒழிஞ்சது.

"பிள்ளைகளுக்கு ரூட் கொடுத்தா லேப் மெஷினையே ஃபார்மட் பண்ணிடுவாங்க." நியாயமான பயம். லூப்னு எழுத வேண்டிய இடத்துல எஸ்டிஏன்னு எழுதினா சோலி முடிஞ்சது. அதனால ஸ்கிரிப்டை நேரா லேப் மெஷின்ல ஓட்ட வேண்டாம். ஒரு வெர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே ஓட்டட்டும். அங்க எதை அழிச்சாலும் நஷ்டம் ஒரு ஃபைல்தான். ரூட் இல்லாமலே இமேஜுக்கான மரத்தைக் கட்டித் தர எம்எம்டிபூட்ஸ்ட்ராப்னு ஒண்ணும் இருக்கு.

"ஸ்கிரிப்டும்தான் பழசாகும்." இதுதான் எனக்குப் பிடிச்ச ஆட்சேபணை. முழுக்க உண்மை. டெபியனின் பழைய வெளியீடுகளை ஒரு கட்டத்துல மிர்ரர்லேருந்து எடுத்து ஆவணக் களஞ்சியத்துக்கு நகர்த்திடுவாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஸ்கிரிப்டை ஓட்டினா 404தான் பதில். ஆனா டெபியனோட ஸ்னாப்ஷாட் சேவையில, இன்ன தேதியில பொதிகள் எப்படி இருந்ததோ அப்படியே இறக்கலாம். ஸ்கிரிப்டோட தலையில தேதியையும் வெளியீட்டுப் பேரையும் ஒரு வரி எழுதி வச்சா பாதிக் கவலை விட்டது. மீதிப் பாதிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துத் திருத்தணும். அந்தத் திருத்தத்தையே ஒரு பயிற்சியாக் கொடுக்கலாமே? "போன வருஷ சீனியர் எழுதினது இப்ப ஓடலை, ஓட வை" என்பதைவிட நிஜமான வேலை அனுபவம் எங்க கிடைக்கும்?

இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதறேன்னா, நமக்கு இந்த விஷயத்துல ஒரு பழைய வரலாறு இருக்கு. 2005லிருந்து 2011 வரைக்கும் உபுண்டு சிடியைக் கேட்டா இலவசமாத் தபால்ல அனுப்புவாங்க. நம்மள்ல எத்தனை பேர் அதை வாங்கி அலமாரியில அடுக்கி வச்சோம்! 2007ல் சி-டாக் டெபியனை அடிப்படையா வச்சு பாஸ் லினக்ஸைக் கொண்டுவந்தது. 2011ல் தொடங்கின தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்துல விண்டோஸோட அந்த பாஸும் சேர்ந்தே பிள்ளைகள் கைக்கு வந்தது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற அம்மாவோட மகள், மானாவாரிப் பருத்திக்காரரோட மகன், இவங்க மடியில லினக்ஸ் வந்து உட்கார்ந்தது சின்ன விஷயமா? ஆனா எனக்குத் தெரிஞ்ச பிள்ளைகள்ல பாதிப் பேர் இடம் அடைக்குதுன்னு அந்தப் பார்ட்டிஷனை அழிச்சுப் படம் ஏத்திக்கிட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. டப்பாவாக் கையில வந்தது டப்பாவாவே போச்சு. அதைத் திறந்து, "இது இப்படித்தான் செஞ்சது, நீயும் ஒண்ணு செய்யலாம்" என்று சொல்ல பக்கத்துல ஆள் இல்லை.

பெங்களூர்ல ஆள் எடுக்கிற கூட்டாளி ஒருத்தன் சொல்வான்: "உங்க பக்கத்துப் பிள்ளைக லினக்ஸ் தெரியும்னு எழுதிருக்காங்கப்பா. ஒரு இமேஜை நீயே கட்டுன்னு சொன்னா, எங்கேருந்து டவுன்லோட் பண்ணணும்னு கேக்குதாங்க." கேட்க வலிக்குது. அந்தப் பிள்ளைகள் யாருக்கும் புத்திசாலித்தனத்துல குறைச்சல் இல்லை. நாலு வருஷம் அவங்க கையில கிடைச்சது எல்லாம் மிட்டாய்தான். வானம் பார்த்த பூமியில பிறந்து, ஒரு டிகிரியை நம்பி ஊரை விட்டுக் கிளம்புற பிள்ளைக்கு, அந்த ஐம்பது வரி ஸ்கிரிப்ட் சும்மா ரெக்கார்டு நோட்டுச் சமாச்சாரம் இல்லை. சம்பளக் கவர்ல எத்தனை சைபர்னு அதுதான் தீர்மானிக்குது.

அதனால லேப்ல இருக்கிற சார்களுக்கும் மேடங்களுக்கும் என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. இமேஜைக் கொடுங்க, தப்பில்லை. முதல் நாளே எல்லாரும் கட்டியாகணும்னு கட்டாயப்படுத்தினா பாதிப் பேர் மிரண்டு ஓடிடுவாங்க. ஆனா அதே ஃபோல்டர்ல ஸ்கிரிப்டையும் வைங்க. ஒவ்வொரு படிக்கும் மேல ஒரு வரி விளக்கம், முடிஞ்சாத் தமிழ்லயே எழுதுங்க. ஷெல் ஸ்கிரிப்ட்ல குறிப்பு வரி தமிழ்ல இருந்தா எந்தக் கெர்னலும் கோவிச்சுக்காது. செமஸ்டர் முடியறதுக்குள்ள ஆளுக்கு ஒரு இமேஜ், அவங்க பேரை ஹோஸ்ட்நேமாப் போட்டுக் கட்டிக் காட்டணும்னு ஒரே ஒரு பயிற்சி சேருங்க. ஸ்கிரீன்ஷாட்டுக்கு இல்லாம, ஸ்கிரிப்டுக்கு மார்க் போடுங்க.

எங்க பக்கத்துப் பெரியவங்க எவ்வளவு பஞ்சத்துலயும் குலுக்கையில விதைச்சோளத்தைத் தனியா எடுத்து வச்சிடுவாங்க, பசிக்குதேன்னு அதுல கை வைக்க மாட்டாங்க. லேப்ல அந்த விதைச்சோளம் இந்த ஸ்கிரிப்ட்தான்.

டிஸ்கி: ஆட்டோமேட் பண்ண பேக்கர், கிளவுட்-இனிட், எம்கோசின்னு ஏகப்பட்ட கருவிகள் இருக்கே, எதுக்கு இந்தப் பழைய ஷெல் ஸ்கிரிப்ட்னு ஒரு கோஷ்டி கிளம்பும்னு தெரியும். எல்லாம் நல்ல கருவிகள்தான், வேலைக்குப் போனா அதைத்தான் ஓட்டணும். ஆனா முதல்ல கையால பாகு காய்ச்சிப் பழகட்டும், மிஷின் பிறகு வாங்கிக்கலாம். உங்க லேப்ல இந்த மாதிரி யாராவது ஏற்கனவே செஞ்சுக்கிட்டு இருந்தா, பின்னூட்டத்துல ஒரு வரி சொல்லிட்டுப் போங்க. மனசுக்கு ஆறுதலா இருக்கும்.